பழனி அச்சில் வார்த்த எரிமலைகள்

எரிமலை செய்து விற்கிறவனுக்கு எரிமலையால் ஒரு ஆபத்தும் கிடையாது. அதை வாங்கிப் போனவர் மறுநாள் அட்டைப் பெட்டியோடு திரும்பி வருவதில்தான் எல்லா ஆபத்தும்.

அன்றைக்கும் அப்படித்தான். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். ஒரு மாமி குனிந்து உள்ளே வந்து, பெட்டியை மேசை மேல் டொம் என்று வைத்தார். "உங்க முதலாளியைக் கூப்பிடு" என்றார். முதலாளி பத்து மணிக்குத்தான் வருவார். அதுவரைக்கும் திட்டு வாங்குவது என் வேலை.

கடை மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் செய்து தரும் கடை. இதயம், நுரையீரல், சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு, எரிமலை. வாசலில் 'மாணவர் கைத்திறன்' என்று போர்டு. கை என்னுடையது. நீங்கள் யாருக்காவது அப்பாவோ அம்மாவோ என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க இப்படி ஒரு கடைக்கு வந்து, "நாளைக்கு காலைல குடுக்கணுமாம்" என்று நின்றிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேர் ஜீவா. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன். பெரிய காரணம் எதுவும் இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் போன செல்போன் கவர் கடை, ஜெராக்ஸ் கடை இரண்டிலும் என்னை நிறுத்திவிட்டார்கள். வாய்தான் காரணம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். "இந்தக் கடையும் போச்சுன்னா நேரா டுடோரியல்தான் நைனா" என்று மட்டும் சொல்லியிருந்தார். டுடோரியல் என்றால் அதே பெஞ்சு, அதே பாடம், கூடவே என்னை மாதிரி இன்னும் அறுபது பேர். அதனால் இந்த வேலை எனக்கு வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி வைத்த எரிமலை

மாமி பெட்டியைத் திறந்து மலையை எனக்கு நேராகத் திருப்பினார். பழுப்பு பெயிண்ட் உதிர்ந்த இடத்தில், அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் அழகான படிக்கட்டு. பாதி வழியில் ஒரு குகை. "டீச்சர் கேக்கறா, எரிமலைக்கு யாருடி படி கட்டினான்னு. கிளாஸே சிரிச்சிருக்கு. எங்காத்துப் பொண்ணு அழுதுண்டே வந்து நிக்கறா" என்றார்.

பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை. எங்கள் முதலாளி சலீம் பாய் கொலு மலை செய்வதில் கெட்டிக்காரர். நவராத்திரிக்கு மாட வீதியில் விற்கிற பழனி மலைகளில் நிறைய அவர் அச்சில் வார்த்தவை. ஒரு பக்கம் படி, நடுவில் இடும்பனுக்குக் குகை, உச்சியில் முருகனை நிறுத்த ஒரு சமதளம். நவராத்திரி முடிந்தால் அச்சுக்கு வேலை இல்லை. பாய்க்கு எதுவும் சும்மா கிடக்கக் கூடாது. அதே பழனியை வார்த்து, உச்சியை ரம்பத்தால் அறுத்து, உள்ளே ஒரு பாட்டிலைச் செருகி, படி மேல் பட்டி பூசி, சிவப்பு பெயிண்டை வழியவிட்டால் எரிமலை. சென்னையில் எத்தனை பிள்ளைகள் பழனியைத் தூக்கிக்கொண்டு பூகோள வகுப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

"இந்தக் குகை?" என்றார் மாமி. "அது துணை வாய். பெரிய எரிமலைங்களுக்குப் பக்கவாட்டுலயும் வாய் இருக்கும்" என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே இருக்கும். மாமி என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் பட்டிக் கரண்டியை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருடா, படியை மூடறதுக்கு முன்னாடி நல்ல மார்க் வரணும்னு ஒரு தரம் வேண்டிண்டுடறேன்."

தண்ணீர் கூடிப்போச்சு

அதற்கப்புறம் பாய் பட்டி பூசுவதை விட்டுவிட்டு, அச்சின் படிப் பக்கத்தையே பிளாஸ்டரால் அடைத்துவிடச் சொன்னார். பிளாஸ்டர் மாவைக் கரைத்து வாளியில் ஊற்றி, அச்சுக்கு எடுக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று கொக்கியில் மாட்டினேன். வாளியில் அளவு குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கரைத்து ஊற்றினேன். மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினேன். கீழே பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் அப்படித்தான். வாளியின் அடியில் விரிசல். நான் வேறு தண்ணீரைக் கூடுதலாக விட்டுக் கரைத்திருந்தேன். கீழே இருந்த பலகையில் ஒரே இடத்தில் விழுந்து, நாலு பக்கமும் ஓடி, காய்ந்து, அது மேலேயே மறுபடி விழுந்து ஓடி, கவிழ்த்த தாம்பாளம் மாதிரி அகலமாக ஒன்று கிடந்தது.

பாய் வந்து பார்த்தார். "இன்னாடா இது, பலகை மேல தோசை ஊத்தி வச்சுகினு கீறே?" என்றார். நான் சுரண்டி எடுக்கக் குனிந்தபோது, சார்ட் வாங்க வந்திருந்த ஒரு பெண் குறுக்கே வந்தாள். பேர் யாழினி, ஒன்பதாம் வகுப்பு, அடையாற்றில் பள்ளிக்கூடம். "அண்ணா, சுரண்டாதீங்க. கேடய எரிமலை இதான். நான் வாங்கிக்கறேன்" என்றாள். மண்டு மாதிரி பார்த்தேன். அவள் விரலால் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். எரிமலைக் குழம்பு தண்ணியாக இருந்தால் குவியாதாம். வெடிக்காமல் வழிந்து, ரொம்ப தூரம் ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பரவிப் பரவி, கேடயத்தைக் கவிழ்த்த மாதிரி ஆகுமாம். விளிம்பில் மூன்று வரி தெரிந்தது. மூன்று தடவை நான் ஊற்றியது. அவள் பலகையோடு அதை அணைத்துக்கொண்டு போனாள். பாய் தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நாம செய்யற தப்புக்குக்கூட ஒரு பேர் வச்சு புக்குல போட்டுகீறாங்க பாரு."

நாலுக்கும் ஒரே அச்சு

என் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது. உருவி எடுத்தேன். டிவி சாய்ந்தது, அப்பா அந்த இடத்தில் ஒரு செங்கல்லைச் செருகினார். கேடய எரிமலை, தழல் கூம்பு, பல்சிட்டக் கூம்பு. ஒரு காலத்தில் இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அப்போது புரியாதது இப்போது புரிந்தது: மலைக்கு அச்சு கிடையாது. உள்ளிருந்து என்ன வருகிறதோ அதுதான் வடிவம். ரசத்தைத் தட்டில் விட்டால் விளிம்பு வரைக்கும் ஓடும், காரக்குழம்பு விட்ட இடத்தில் நிற்கும். அதிகச் சூடு, சிலிக்கா கம்மி என்றால் ரசம். சிலிக்கா கூடக் கூடக் காரக்குழம்பு. வாயு நிறைய இருந்து துண்டு துண்டாகத் தெறித்தால் அது வேறு கதை.

ஒரு வாரத்தில் யாழினியின் பள்ளிக்கூடத்திலிருந்து கண்காட்சிக்குப் பொறுப்பான மேடம் வந்தார். யாழினி வாங்கிப் போனதைப் பார்த்தாராம். நாலு வகை எரிமலை வேண்டும் என்றார். கேடயம் ஒன்று, தழல் கூம்பு ஒன்று, பல்சிட்டக் கூம்பு ஒன்று, நடுவில் இடிந்து பள்ளமாகிப் போன பெருவாய் ஒன்று. பாய் நாலுக்கும் தலையாட்டினார். மேடம் தெருமுனை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "நாலு பழனி ஊத்து. ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவப்பு, ஒண்ணு சாம்பல். நாலாவதுக்குக் கொஞ்சம் ஆழமா அறுத்துடு."

முடியாது என்றேன். எது எப்படி உருவாகுமோ அப்படித்தான் செய்வேன், அச்சைத் தொட மாட்டேன் என்றேன். "வாங்கறவன் கண்ணுக்கு மலையா தெரியணும்டா. இருவத்தஞ்சு வருசமா மலை விக்கிறேன்" என்றார். "மலை வித்தீங்க பாய், எரிமலை விக்கல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஜெராக்ஸ் கடையிலும் இப்படி ஒரு வாக்கியத்தில்தான் வேலை போனது. பாய் கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயம். "உன் இஷ்டத்துக்கே செய். ஆனா ஸ்கூல்லேர்ந்து ஒரே ஒரு மலை திரும்பி வந்தாலும், அது பின்னாடியே நீயும் கிளம்பிடணும்."

சாய்வதற்கு ஒரு அளவு

தழல் கூம்பைத் தி.நகரில் கற்றுக்கொண்டேன். ஒரு சூரியக் குடும்பத்தை டெலிவரி கொடுக்கப் போன இடத்தில் கட்டட வேலை. லாரி ஜல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தது. குவியல் பெரிதாகிக்கொண்டே போனது, ஆனால் சரிவு மாறவே இல்லை. செங்குத்தாக எழும்பப் பார்த்தால் மேலே இருக்கிற கல் உருண்டு கீழே வந்துவிடும். தழல் கூம்பும் அதே கணக்குதான். வாயு குழம்பைத் துண்டு துண்டாக மேலே தூக்கி எறியும். துண்டுகள் காற்றிலேயே ஆறிக் கல்லாகி, வாயைச் சுற்றியே விழும். குவியும். சின்ன மலை, நேர்ச்சரிவு, உச்சியில் கிண்ணம் மாதிரி குழி.

கடைக்கு வந்து ரவையை வறுத்துக் கருப்புச் சாயம் ஏற்றினேன். பலகையில் ஓட்டை போட்டு அடியிலிருந்து ஒரு குழாய். மேலே புனல் வழியாக ரவையை விட்டுக்கொண்டே கீழிருந்து ஊதினேன். முதல் எரிமலை என் மூஞ்சியில்தான் வெடித்தது. மெதுவாக ஊதக் கற்றுக்கொண்டதும், கையே படாமல் கூம்பு தானாக எழுந்தது, உச்சியில் குழியோடு. தேனாம்பேட்டையில் ஆபீஸ் முடிந்து மகனுக்குப் புராஜெக்ட் வாங்க வந்த ஒரு சார் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம் கூரா இருந்தா எடுப்பா இருக்குமேப்பா" என்று இரண்டு உள்ளங்கையாலும் கூம்பை அணைத்து மேலே தள்ளினார். சரசரவென்று இறங்கி, பழைய சரிவுக்கே வந்து நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடி அதே. கை முழுக்கக் கருப்போடு, கோபமே இல்லாமல் சொன்னார்: "இதுக்கு மேல செங்குத்தா நிக்க மாட்டேன்னு ரவைக்கே ஒரு பிடிவாதம் இருக்கு. என் பையன் யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் போயிடறான்."

பாலத்தின் மேல் வெடித்தது

பல்சிட்டக் கூம்புதான் எல்லாரும் படத்தில் வரைகிற எரிமலை. அதற்குப் பொறுமை வேண்டும், என்னிடம் அது கிடையாது. ஒரு தடவை சாம்பலும் கல்லுமாகக் கக்கும். அடுத்த தடவை கெட்டிக் குழம்பு வழிந்து, தூரம் போகாமல் அங்கேயே உறைந்து அந்தச் சாம்பலைப் பிடித்துக்கொள்ளும். சாம்பல், குழம்பு, சாம்பல், குழம்பு. அப்படி அடுக்கு அடுக்காக எழும்புவதால்தான் அத்தனை உயரம். நானும் மணலைத் தூவி, கெட்டி பிளாஸ்டரை விட்டு, காயவிட்டு, மறுபடி மணல் தூவி, நாலு நாள் கட்டினேன். ஒரு பக்கம் வெட்டி அடுக்கு தெரிகிற மாதிரி விட்டேன்.

மேடம் வெடித்துக் காட்டச் சொன்னார் என்று அடையாற்றுக்கு ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனேன். உள்ளே பாட்டிலில் சமையல் சோடா. அதற்கு மேல் மெல்லிய பாலிதீன் பையில் சிவப்புச் சாயம் கலந்த வினிகர். வழியில் சிந்தக் கூடாது என்று வாயைக் களிமண்ணால் நன்றாக அடைத்திருந்தேன். புத்தகத்தை இன்னும் ஒரு பக்கம் திருப்பியிருந்தால் அடைத்திருக்க மாட்டேன். ஓடுகிற குழம்பிலிருந்து வாயு தானாக வெளியே போய்விடும், சத்தமில்லை. கெட்டிக் குழம்பு வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வாயு உள்ளேயே சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பும். பாலத்துக்கு முந்தின வேகத்தடையில் என் மடியில் பை கிழிந்தது. அடையாறு பாலத்தின் நடுவில் அடைப்பு பிய்த்துக்கொண்டு ஆட்டோ கூரையில் அடித்தது. டிரைவரின் காக்கிச் சட்டை முதுகு முழுக்கச் சிவப்பு. உச்சியில் ஒரு பக்கம் பிய்ந்துபோனது. கடைக்குத் திரும்பியும் அதை ஒட்டவில்லை, நிஜ மலையும் அப்படித்தான் பிய்யும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். "கோழி ஏத்திகீறேன், மீன் கூடை ஏத்திகீறேன், கும்பாபிஷேகத்துக்குக் குடம் கூட ஏத்திகீறேன். கோவத்துல கீற மலையை ஏத்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல தம்பி?"

உட்கார்ந்த மலை

எங்கள் சந்தில் போன மழையில் அடியில் குழாய் உடைந்து மண் அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே தார் ரோடு நல்லாத்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அப்படியே உட்கார்ந்தது. பெருவாயும் அப்படித்தான். மலை அடியில் தேங்கியிருந்த குழம்பு ஒரே மூச்சில் வெளியே கொட்டிவிட்டால் கீழே வெறும் கூடு. மேலே இருக்கிற மலைக்கு முட்டு இல்லை. இடிந்து உள்ளே போய்விடும். மலை இருந்த இடத்தில் அகலமாகப் பள்ளம். அது மேலிருந்து தோண்டியது இல்லை, கீழே காலியானதால் வந்தது. பாய் சொன்ன மாதிரி அறுத்தால் அது கிணறு.

அதனால் பலூனை ஊதி அது மேல் மலை கட்டினேன். பாதி காய்ந்ததும் அடியிலிருந்து காற்றை இறக்கினேன். மலை நடுவில் விரிசல் விட்டு, மெதுவாக, ஒரு பெருமூச்சு மாதிரி உட்கார்ந்தது. பக்கத்துப் பூக்கடை செல்வி அக்கா தொடுத்துக்கொண்டிருந்த மல்லிகையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்: "கஷ்டப்பட்டு மலையைக் கட்டி, கஷ்டப்பட்டு அதை இடிக்கிற." செல்வி அக்கா பள்ளத்தைப் பார்த்தார், வாசலில் ரோட்டைப் பார்த்தார். "நம்ம தெரு ரோடும் இப்படித்தானே உக்காந்துச்சு, அதுக்கு ஒருத்தரும் பேர் வைக்கல, கண்காட்சியும் வைக்கல."

மேடத்தின் கைப்பை

கேடயத்தைக் கடைசியாகச் செய்தேன். இந்தத் தடவை வேண்டுமென்றே வாளியில் ஓட்டை போட்டேன். ஒரு சின்னச் சாப்பாட்டு மேசை அகலம், உயரம் நாலு விரல். பதினோரு தடவை ஊற்றினேன். கண்காட்சிக்கு முந்தின நாள் மேடம் கடைக்கு வந்து நாலையும் பார்த்தார். மூன்றுக்குத் தலையாட்டினார். நாலாவதைப் பார்த்து, "இதுல எரிமலை எங்க இருக்கு?" என்றார். "இது மொத்தமுமே எரிமலைதான் மேடம்" என்றேன். "சீஃப் கெஸ்ட் வரார் தம்பி. பார்த்ததும் தெரியணும். நடுவுல ஒரு உச்சி வைங்க" என்று என்னிடம் சொல்லாமல் பாயிடம் சொன்னார். பாய் சரி என்றார். அவர் போனதும் ஒரு சின்னப் பழனியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நடுவுல வச்சு ஒட்டு. படிப் பக்கம் பின்னாடி வர்ற மாதிரி."

பழனியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒட்டினால் வேலை நிற்கும், டுடோரியல் இல்லை, யாருக்கும் கஷ்டம் இல்லை. ஆனால் யாழினி அது பக்கத்தில் நின்று, குழம்பு தண்ணியாக இருந்தால் குவியாது என்று சொல்ல வேண்டும், குவிந்திருக்கிற ஒன்றைக் காட்டி. என்னையும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் நிற்க வைத்திருக்கிறார்கள், புத்தகத்தில் ஒன்று இருக்கும், கரும்பலகையில் வேறொன்று இருக்கும், கேட்டால் உட்காரு என்பார்கள். பழனியை ஒரு துணிப்பையில் போட்டேன். காலையில் அப்பாவின் லோடு ஆட்டோவில் நாலையும் ஏற்றினோம். கேடயத்தைப் பார்த்து அப்பா, "மேல ஏதாவது வைக்கணுமா?" என்றார். "வைக்கச் சொன்னாங்க" என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூட ஹாலில் ஒரே கூட்டம். மேசை மேல் மூன்று மலைகளை வைத்தோம். கேடயத்துக்கு மேசை போதவில்லை, பக்கத்தில் இரண்டு ஸ்டூல் மேல் வைத்து அடியைத் துணியால் மறைத்தோம். மேடம் ஓட்டமும் நடையுமாக வந்தார், சந்தனக் கிண்ணமும் கற்கண்டுமாக ஒரு தட்டு ஒரு கையில், கைப்பை இன்னொரு கையில். இரண்டையும் பக்கத்தில் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். சீஃப் கெஸ்ட் வந்து சந்தனம் எடுத்துக்கொண்டார். போர்டைப் படித்தார். மலைகளை விரல்விட்டு எண்ணினார். "நாலு வகைன்னு எழுதியிருக்கு, மூணுதானேம்மா இருக்கு?" என்றார். மேடம் அப்போதுதான் உச்சியைத் தேடினார், என்னைத் தேடினார். யாழினி பதறவே இல்லை. "நாலாவது மேலேருந்துதான் சார் இப்ப சந்தனம் எடுத்துக்கிட்டீங்க. மேடம் பையும் அது மேலதான் இருக்கு. நிஜத்துலயும் அப்படித்தான் சார், அது மேலயே நின்னாலும் மலைன்னு தெரியாது."

சாவி

சீஃப் கெஸ்ட் சிரித்தார். குனிந்து விளிம்பில் பதினோரு வரியையும் எண்ணினார். மேடம் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும், "சொன்னதைச் செய்யாத பொருளை நான் வச்சுக்க மாட்டேன்" என்று கேடயத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் உச்சி கேட்டார், நான் வைக்கவில்லை. மேடம் சொல்லிவிட்டார் போல, பாயிடமிருந்து போன் வந்தது. "பழனியை வச்சியா?" "வைக்கல பாய்." "எங்க அது?" "பையில இருக்கு." "ஒரு மலை திரும்பி வருதுல்ல. அப்ப சாவியை செல்வி கடையில குடுத்துட்டுப் போயிகினே இரு" என்று வைத்துவிட்டார்.

அப்பா சந்து முனையில் இறக்கிவிட்டார். கேடயத்தைக் கடை வாசல் வரைக்கும் ஒரு பக்கம் பிடித்து வந்துவிட்டுப் போனார். செல்வி அக்கா பூக்கூடைக்கு மேலால் கையை நீட்டினார். "பாய் போன் பண்ணாரு. சாவி தரணுமாமே?" நான் அவரைத் தாண்டிப் போய் ஷட்டரைத் தூக்கினேன். இரண்டு ஸ்டூலை வாசலில் போட்டு, கேடயத்தை அது மேல் வைத்தேன். ஒரு சார்ட்டைக் கிழித்து எழுதி ஒட்டினேன்: 'கேடய எரிமலை. திரும்பி வந்தது. சரியாகத்தான் இருக்கிறது.' பழனியைக் கொலு அலமாரியில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். பத்து மணிக்கு பாய் டீ கிளாசோடு வந்தார். நான் ஒட்டியிருந்த சார்ட்டைப் படித்தார். திறந்திருந்த ஷட்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்காக டீ கிளாசை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது, கேடயத்தின் நட்ட நடுவில் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பைத் தடவினார். அப்புறம் உள்ளே பார்த்துச் சொன்னார்: "இவ்ளோ தண்ணியா கரைச்சும் விரிசல் விடாம எப்படிடா காய வச்சே?"

இந்த வேலையில் எனக்குச் சொன்னதை நான் செய்யாமல் விட்டது இதுவரைக்கும் இரண்டே இரண்டுதான்: ஒன்று, கேடயத்தின் மேல் பழனியை வைக்கவில்லை, இன்னொன்று, இதை எழுதும்போதும் என் பாக்கெட்டில் குத்திக்கொண்டிருக்கிறது.